விட்டுப்போன வரி

அன்பான குட்டிம்மாவுக்கு,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் இதை ஓரமாகத் தூக்கி வைத்திருப்பாய். எத்தனை நாள் கழித்துப் பிரித்தாலும் சரி, பிரித்தாயே, அதற்கே உனக்கு நன்றி. போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுக்காதது நியாயம்தான். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நான் பேசுவதை நீ பாதியில் நிறுத்திவிட்டு, அழுது முடித்துவிட்டு, திட்டிவிட்டு, வேண்டுமானால் மறுபடி எடுத்துப் படிக்கலாம்.

முதலில் அப்பாவைப் பற்றி. நன்றாக இருக்கிறார். ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். நம் கட்டடத்து லிஃப்ட் போன வாரம் மறுபடி நின்றுவிட்டது. ரிப்பேர் செய்ய வந்த பையன்களுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, அவர்கள் போகும்வரை வேடிக்கை பார்த்தார். லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது அவர்தான், லிஃப்ட் அவரை இன்னும் விடவில்லை. அந்தப் பையன்கள் ஒரு நட்டை மறந்துவிட்டதாக மாலை வரை சொல்லிக்கொண்டிருந்தார். பழையபடி இப்படித் தொணதொணப்பதைக் கேட்க எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டுமென்றால், நடுவில் அவர் எப்படி இருந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதை உன்னிடம் மறைத்தவள் நான்.

அம்மாவை அடக்கம் செய்தபோது நீ நிறைமாதம். விமானத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே உன்னால் எப்படி ஒரு இடத்தில் உட்கார முடிந்ததோ தெரியாது. இங்கே முதல் வாரம் முழுக்க சபையார் வந்தார்கள், பாட்டுப் பாடினார்கள், பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். மாலையில் கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருப்பார்.

அந்த நேரத்தில்தான் ஒருவர் கண்ணாடி வாங்கக் கடைக்கு வந்தார். படிக்கிற கண்ணாடி. எல்லோரும் சுவரிலிருக்கும் எழுத்துப் பலகையைப் படிப்பார்கள். இவர் பையிலிருந்து தம் வேதப் புத்தகத்தை எடுத்து, "எனக்கு இந்த எழுத்து தெரிஞ்சாப் போதும்மா, மத்தது எல்லாம் மங்கலாவே இருக்கட்டும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேச்சுவாக்கில் அம்மா போனதைச் சொன்னேன். அடுத்த நாளே வீட்டுக்கு வந்தார். அவருடைய ஜெபக்குழுவில் எல்லோரும் அவரை 'அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கினேன்.

அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் அவர் கெட்டவர் இல்லை, குட்டிம்மா. சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்ததே, அதைச் சரிசெய்து கொடுத்தார். அப்பா சொல்லும் லிஃப்ட் கதைகளை, நீயும் நானும் காதைப் பொத்திக்கொள்ளும் அதே கதைகளை, பொறுமையாகக் கேட்டார். வாரம் தவறாமல் வந்தார். நம் போதகர் அடக்கத்துக்குப் பிறகு ஒரே ஒருமுறைதான் வந்திருந்தார்.

முதலில் அவர் சொன்னதெல்லாம் நாம் சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். பிறகு ஒன்றொன்றாக வந்தது. பழைய சபைகள் எல்லாம் செத்த சபைகள். அங்கே கற்றுக்கொடுத்தது பாதி உண்மை. கடைசியில், அவர்களுடைய கூடுகையில் அவர்கள் கையால் ஞானஸ்நானம் பெறாத ஒருவரும் கரைசேர மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் காட்டுவார். நான் அந்த வசனத்தை மட்டும் பார்ப்பேன். அதற்கு மேலும் கீழும் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. ஊரில் யாருக்கும் தெரியாதது நமக்கு மட்டும் தெரியும் என்கிற ருசி இருக்கிறதே, அது சாமானியமானது இல்லை. ஞாயிற்றுக்கிழமை நம் கோவிலில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் அத்தை முதற்கொண்டு எல்லோரையும் பரிதாபமாகப் பார்ப்பேன். பாவம், இவர்களுக்குத் தெரியவில்லையே என்று. அப்புறம் அங்கே போவதையே நிறுத்திவிட்டேன். அப்பாவையும் நிறுத்தினேன்.

ஒருநாள் அம்மாவின் கடைசி மதியத்தைப் பற்றி அண்ணனிடம் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பரமண்டல ஜெபத்தைச் சொல்லத் தொடங்கி, அன்றன்றைய ஆகாரத்தைக் கேட்கும் இடம் வரைக்கும் வந்து, அதற்கு மேல் ஞாபகம் வராமல் அம்மா தடுமாறியதைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "பார்த்தீங்களா தங்கச்சி, கடைசி நேரத்துல ஜெபமே வரல. அது ஒரு அடையாளம். சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா உண்மையை மறைக்கக் கூடாது" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. அதைப் பார்த்துத்தான் நம்பினேன்.

அன்று மாலையே வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அம்மாவைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருப்பது சரியில்லை, அப்பாவாவது தப்பிக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் டீ குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மறுநாளிலிருந்து சாப்பிடுமுன் வாய்விட்டு ஜெபிப்பதை நிறுத்திவிட்டார். அம்மாவின் படத்துக்கு எதிரே போட்டிருந்த நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அந்தப் படத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. தட்டில் வைத்தது பாதி அப்படியே இருக்கும். சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது. பரிசுத்த ஆவியானவர் அவரை உடைக்கிறார், நல்லதுதான் என்று அண்ணன் சொன்னார். நானும் நல்லதுதான் என்று நினைத்தேன்.

அதே வாரத்தில் நீ பாப்பாவின் ஞானஸ்நானப் படங்களை அனுப்பினாய். போதகர் கையில் வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தாள். அம்மாவின் மூக்கு அப்படியே. அதற்கு நான் உனக்கு அனுப்பிய குரல்பதிவை நீ மறந்திருக்க மாட்டாய். அது வெறும் தண்ணீர் என்றேன். அம்மாவும் அப்படித்தான் ஏமாந்தாள், கடைசியில் அவளுக்கு ஜெபம் வரவில்லை, நீயாவது விழித்துக்கொள் என்றேன். அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்துவைக்காத உனக்கு, பச்சைக் குழந்தையைக் கையில் வைத்திருந்த உனக்கு, நான் அனுப்பிவைத்தது அதுதான். அனுப்பிவிட்டு, கடமையைச் செய்துவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன்.

நீ அழுதுகொண்டே போன் செய்து அப்பாவைக் கேட்டாய். தூங்குகிறார் என்றேன். மறுபடி கேட்டபோதும் தூங்குகிறார் என்றேன். அவர் தூங்கவில்லை. என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். ஒருமுறை போனுக்காகக் கையை நீட்டினார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். ஜெபக்குழுவில் அப்பா ஞானஸ்நானம் எடுக்கும்வரை அவர் மனசு கலங்கக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தார். நீட்டிய கையை அப்பா மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் நீயும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாய்.

நேற்று இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தியவள், இன்று கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் தொடர்கிறேன். மேசையில் ஒரு சின்னத் திருப்புளியும் மூன்று உடைந்த பிரேமும் கிடக்கின்றன. முதலாளி பார்த்தால் காதல் கடிதமா என்று கேட்பார். இந்த வயதிலா என்று நானும் சிரித்துவைப்பேன்.

ஞானஸ்நானத்துக்கு அப்பா சம்மதித்தது எப்படி என்றால், "நீ சொன்னா சரிம்மா" என்றார். அவ்வளவுதான். ஒரு வாடகை மண்டபத்தில், மேடைக்குப் பக்கத்தில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி வைத்துத் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். அப்பா பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு, யாரோ கை கொடுக்க, ஏணியில் ஏறி உள்ளே இறங்கினார். தண்ணீர் குளிர்ந்திருந்ததுபோல, உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. பழைய மார்க்கத்தை எல்லாம் வீண் என்று விட்டுவிடுகிறீர்களா என்று அண்ணன் கேட்டார்.

அப்பா அவரையே பார்த்தார். "ஐயா, என் வீட்டுக்காரி எங்க இருக்கா?" என்றார்.

அண்ணன் தணிந்த குரலில், "அதை இப்ப பேச வேண்டாம்பா. உங்க ஆத்துமாவைப் பாருங்க" என்றார்.

"இல்லீங்க. எனக்கு ஜெபம் பண்ணச் சொல்லிக்குடுத்ததே அவதான். கல்யாணத்துக்கு முன்னாடி நான் கோயில் பக்கமே போனவன் இல்ல. அவளுக்குத் தெரிஞ்ச இயேசுவைத்தான் எனக்குத் தெரியும். அவரு பொய்னா, வேற ஒருத்தரை எனக்குத் தெரியாது" என்றார். கோபமே இல்லாமல், வழி கேட்கிறவர்போலச் சொன்னார். சொல்லிவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டு வெளியே வரத் தொடங்கினார்.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய் அப்பாவின் முழங்கையைப் பிடித்தேன். அவர் வெளியே வர உதவுவதற்கு இல்லை. திரும்ப உள்ளே இறக்குவதற்கு. "அப்பா, எல்லாரும் பாக்குறாங்க, மானத்தை வாங்காதீங்க" என்றேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். பிடுங்கவில்லை, உதறவில்லை. சின்னக் குழந்தையின் கையிலிருந்து எதையோ வாங்குகிறவர்போல மெதுவாக எடுத்துவிட்டார். அப்புறம் ஈரக் காலோடு வாசல்வரை போனார். தரையெல்லாம் அவர் கால்தடம். நான் மண்டபத்தின் நடுவில் நின்றேன். பக்கத்திலிருந்த ஒரு அக்கா, விடும்மா, ஆவியானவர் பார்த்துக்கொள்வார் என்றாள். அப்பாவுக்கு அந்த வட்டாரத்தில் வழி தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தெருத் தெருவாகத் தேடினேன். பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேண்ட் தொடைவரை நனைந்து ஒட்டியிருந்தது. செருப்பை மண்டபத்திலேயே விட்டிருந்தார். பஸ்ஸுக்கு நின்ற யாரோ ஒரு பெண்பிள்ளை தன் துப்பட்டாவை அவர் காலில் சுற்றிவிட்டிருந்தாள். யார் பெற்ற பிள்ளையோ. பெற்ற பிள்ளை நான் வருவதைப் பார்த்ததும் அவள் எழுந்து இடம் கொடுத்தாள்.

அப்பா என்னைத் திட்டவில்லை. "உக்காரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்கம்மாவுக்குக் கடைசியில ஜெபம் வரலன்னு சொன்னியே. முழுசாச் சொல்லு. நான் அப்ப கீழ மருந்து வாங்கப் போயிருந்தேன்" என்றார்.

அவருக்கும் நான் முழுசாகச் சொல்லியிருக்கவில்லை, குட்டிம்மா. உனக்கும் சொல்லவில்லை. அண்ணனுக்கு எவ்வளவு தேவைப்பட்டதோ அதோடு நானும் நிறுத்திக்கொண்டேன். நடந்தது இதுதான். அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சன்னல் வெயில் கண்ணில் படுகிறது என்று திரையை இழுக்கச் சொன்னாள். பிறகு ஜெபத்தைத் தொடங்கினாள். ஆகாரம் கேட்கும் இடம்வரை வந்தாள், அடுத்த வரி வரவில்லை. முதலிலிருந்து சொன்னாள். மறுபடி அதே இடத்தில் நின்றாள். திரும்பவும் ஒருமுறை சுற்றி வந்தாள். அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த மூச்சுத்திணறலிலும் சிரித்தாள். "சுத்திச் சுத்தி சோத்துக்கிட்டயே வந்து நிக்கறேன் பாருடி. விட்டுப்போனதை அவரே போட்டுக்குவாரு" என்று சொல்லிவிட்டு, தெளிவாக ஆமென் சொன்னாள். பிறகு திரையை இன்னும் கொஞ்சம் இழுக்கச் சொன்னாள். பிறகு பேசவில்லை.

இதை நான் சொல்லி முடித்ததும் அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். அழுதுகொண்டேதான் சிரித்தார். "அந்த வரி அவளுக்கு எப்பவுமே வராதும்மா. 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்'னு கடன், மன்னிப்பு ஆரம்பிக்கிற இடம். கல்யாணம் ஆன நாள்லருந்து தினமும் அங்க வந்து நிப்பா, நான்தான் எடுத்துக் குடுப்பேன். நீங்க ரெண்டு பேரும் தூங்கிருவீங்க, உங்களுக்குத் தெரியாது. அன்னைக்கு எடுத்துக் குடுக்க நான் இல்லாமப் போய்ட்டேனே" என்றார். பஸ் ஒன்று வந்து நின்று, ஆளேற்றிக்கொண்டு போயிற்று. "பரவால்ல. அவரே எடுத்துக் குடுத்திருப்பாரு" என்றார்.

அதற்கப்புறம்தான் உன்னைப் பற்றிக் கேட்டார். சின்னவளுக்கு இதைச் சொன்னாயா என்று. என்ன சொன்னேன் என்பதைச் சொன்னேன். குட்டிம்மா, அப்பா என்மேல் குரல் உயர்த்தி நான் பார்த்ததே இல்லை. அன்று பஸ் நிறுத்தத்தில் அத்தனை பேர் முன்னால் கத்தினார். "அவகிட்ட ஏன்டி சொன்ன? எனக்குச் சொன்னது பத்தாதா?" என்றார். துப்பட்டாவைத் திரும்ப வாங்கிக்கொள்ள நின்ற பெண் பயந்துபோய் விலகி நின்றாள்.

பிறகு அண்ணன் ஒருமுறை வீட்டுக்கு வந்தார், விட்டுப்போன செருப்பைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு. அப்பா உட்காரவைத்து டீ கொடுத்தார். ஆத்துமாவுக்கு ஆபத்து என்று அவர் தொடங்கியதும், "தம்பி, மேலயும் கீழயும் போற பெட்டியை வச்சுத்தான் எனக்குப் பிழைப்பு. யார் எந்த மாடியில இறங்குவாங்கன்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல. நீங்க சொல்லாதீங்க" என்றார். அண்ணனே சிரித்துவிட்டார். போகும்போது என்னைப் பார்த்து, உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்றார். நிஜமாகவே ஜெபிப்பார். அவருக்குக் கெடுதல் நினைக்க எனக்கு யோக்கியதை இல்லை. அவர் சொன்னார், அவ்வளவுதான். அப்பாவின் தட்டில் சாப்பாடு மிஞ்சுவதை நாள்தோறும் பார்த்தவள் நான்.

நம் போதகரும் வந்தார். நான்தான் போய்க் கூப்பிட்டேன். வசனத்துக்கு வசனம் பதில் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முதலில் அப்பாவிடம், அடக்கத்துக்குப் பிறகு ஒழுங்காக வந்து பார்க்காததற்கு வருத்தம் தெரிவித்தார். அம்மாவைப் பற்றி நானே கேட்டேன். "அவங்க யார் கையில இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன்மா" என்றார். அன்று என்னவோ அந்தத் தெரியாது என்கிற வார்த்தையில்தான் எனக்குக் கால் ஊன்ற இடம் கிடைத்தது.

இப்போது நானும் அப்பாவும் காலையில் சேர்ந்து வாசிக்கிறோம். அவர் நூல் கட்டிய பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் வாசிப்பார். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளின் அப்பா என்று வெளியே சொல்லவே வெட்கம். ஒரு பகுதியைத் தொடங்கினால் முடியும்வரை விடமாட்டார். நடுவில் நிறுத்தி, மேலே என்ன சொல்லியிருக்கிறது என்று திரும்பிப் போய்ப் பார்ப்பார். எரிச்சலாக இருக்கும், இருந்தாலும் உட்காருவேன். கடையில் கூட வேலை செய்யும் பெண் தினமும் ஒரு புதுப் பிரசங்கத்தைப் போனில் அலறவிடுகிறாள். மேல்மாடிக்காரர் உலக முடிவின் தேதி போட்ட துண்டுத்தாளைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போகிறார். எல்லோர் கையிலும் அதே வேதம்தான். முன்பானால் எது சரியென்று மனசு அலைபாயும். இப்போது வீட்டுக்கு வந்து அப்பாவோடு அதன் மேலேயும் கீழேயும் வாசித்துப் பார்க்கிறேன். எதையாவது கேட்ட பிறகு யாரையாவது பரிதாபமாகப் பார்க்கத் தோன்றினால், அங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

ஜெபம் மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை. அந்தக் கடன், மன்னிப்பு என்று தொடங்கும் வரியில் எனக்கும் வாய் அடைத்துவிடுகிறது. அப்பா ஒன்றும் கேட்பதில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொல்லி எனக்கும் சேர்த்து முடிக்கிறார்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இத்தனை தாள். ஆனால் மன்னித்துவிடு என்று எழுதினால், மன்னிக்கவில்லையே என்கிற பாரத்தையும் உன் தலையில் வைத்தவள் ஆவேன். ஆகவே அதைக் கேட்கவில்லை. அந்தக் குரல்பதிவை அழித்துவிடு. அதில் இருப்பது அம்மா இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா உனக்குப் போன் செய்வார். உன் எண்ணை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார், என்னை அழுத்தித்தரச் சொல்லவில்லை. பாப்பாவின் பெயரைச் சொல்லிப் பழகிப் பார்க்கிறார், நான் இருப்பதைக் கண்டால் நிறுத்திக்கொள்கிறார். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருக்கமாட்டேன். கடைத்தெருவுக்குப் போய்விடுவேன், நீங்கள் போதும் போதும் என்கிற அளவுக்குப் பேசி முடிக்கும்வரை திரும்ப மாட்டேன். என் குரல் கேட்டுவிடுமோ என்று நினைத்து எடுக்காமல் இருந்துவிடாதே. எடுத்து, பாப்பாவை அவர் காதருகில் அழவிடு.

உன்னையும் மாப்பிள்ளையையும் பாப்பாவையும் ஆசீர்வதிக்க வேண்டிய இடம் இது. அதை அப்பா வாயால் கேட்டுக்கொள்.

உன் அக்கா